பழைய புல்லட்டுக்கு நூல் பிடித்துப் பார்ப்போம்

கொத்தனார் சுவர் எழுப்பும்போது இரு முனைகளிலும் ஆணி அடித்து நூல் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு செங்கல் அரை விரற்கடை வெளியே வந்தாலும் நூல் காட்டிக் கொடுத்துவிடும். அந்த நூலை ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பிடித்துப் பார்க்காமல் விட்டதால், இயற்பியல் ஆசிரியர் ஒருவர் சாலையில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். அந்த ஆசிரியர் வேறு யாருமல்லர், நான்தான்.

நடந்தது 2007ஆம் ஆண்டில். கல்லூரியில் வேலை கிடைத்த புதிது. 1986ஆம் ஆண்டில் செய்யப்பட்ட 350 புல்லட் ஒன்று விலைக்கு வந்தது. கறுப்புப் பூச்சு கண்ணாடி போல் மின்னியது. பெட்ரோல் தொட்டியில் பொன்னிறக் கோடுகள். “ஒரே கை ஓட்டின வண்டி சார்” என்றார் விற்றவர். நானும் முகம் தெரியும் அந்தப் பூச்சிலே மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஓட்டும்போது வண்டி சற்றே இடப்பக்கம் இழுப்பதை உணர்ந்தேன். சாலையின் சரிவுதான் காரணம் என்று எண்ணினேன். மூன்று மாதம் கழித்து, மணல் சிதறிக் கிடந்த ஒரு வளைவில் அந்த இழுப்பே என்னைத் தள்ளிவிட்டது.

வண்டியைப் பழுது பார்த்த முதியவர் பட்டறையின் மூலையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்துவந்தார். பின்சக்கரத்தின் இரு பக்கமும் நூலை ஒட்டிப் பிடித்து, முன்சக்கரம் வரை இழுத்துக் கட்டினார். முன்சக்கரம் ஒரு பக்க நூலிலிருந்து விலகி நின்றது. மறுபக்க நூலை முட்டித் தள்ளியது. வண்டியின் சட்டம் எப்போதோ ஒரு மோதலில் வளைந்திருக்கிறது. அதன்மேல் புதுப் பூச்சு பூசியிருக்கிறார்கள். “வாங்கும்போது நூல் பிடிச்சுப் பாக்கலையா சார்? நீங்க பிசிக்ஸ் வாத்தியாருன்னு சொன்னாங்களே?” என்று கேட்டார் அவர். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதன் பிறகு, 2011ஆம் ஆண்டில், இன்னொரு பழைய புல்லட்டை வாங்கியபோது இரண்டு மணி நேரம் அதைச் சோதித்தேன். அந்தச் சோதனைகள் எல்லாம் உங்கள் இயற்பியல் புத்தகத்தில் இருப்பவைதாம்.

கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்ட உரிமம் பெற 18 வயது நிறைய வேண்டும். ஆகவே நீங்கள் உடனே வாங்கப் போவதில்லை. ஆனால் உங்கள் அண்ணனோ மாமாவோ பழைய வண்டி பார்க்கக் கிளம்பினால், நீங்களும் ஒரு நூல்கண்டோடு உடன் செல்லலாமே!

எந்த வண்டி?

புல்லட்டின் பிறப்பிடம் இங்கிலாந்திலுள்ள ரெட்டிட்ச் நகரம். 1955இல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிட்ச்சில் தயாரிப்பு நின்றுபோன பின்னரும் திருவொற்றியூரில் அதே அமைப்பு பல பத்தாண்டுகள் ஏறக்குறைய மாறாமல் தொடர்ந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய என்ஜின் 2010ஆம் ஆண்டு வாக்கில்தான் ஓய்வு பெற்றது. எனவே, பழைய வண்டிகள் இன்றும் ஏராளமாகக் கைமாறுகின்றன.

அதை ஏன் 350 என்கிறோம்? சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மி.மீ. உருளையின் கன அளவைக் காணும் வாய்பாட்டில் இவற்றை இட்டுப் பாருங்கள். 346 கன செ.மீ. வரும். விட்டத்தைவிட நீளம் அதிகம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என்ஜின் குளிர்ந்திருக்கட்டும்

வண்டி பார்க்கப் போனதும் முதல் வேலை, என்ஜினைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால், “நாளைக் காலை வருகிறேன்” என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த என்ஜினில் தெரியும் குறைகள் சில சூடான பின் மறைந்துவிடும். அதை விற்பவர்களும் அறிவார்கள்.

சாவியைத் திருப்பாமல், கிக்கர் மீது கால் வைத்து மெல்ல அழுத்துங்கள். ஓரிடத்தில் அது இறங்க மறுக்கும். சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றைப் பிஸ்டன் அமுக்குகிறது; கன அளவு குறையக் குறைய அழுத்தம் ஏறுகிறது. பாயில் விதியைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. இப்போது உடல் எடையைக் கிக்கர் மீது நிறுத்துங்கள். நல்ல என்ஜினாக இருந்தால் கிக்கர் சில விநாடிகள் உங்களைத் தாங்கி நின்று, பிறகு மெல்ல மெல்லக் கீழிறங்கும். தேய்ந்த என்ஜினாக இருந்தால், சேற்றில் கால் வைத்ததுபோல் சட்டென்று இறங்கிவிடும். காற்று எங்கோ கசிகிறது என்பது பொருள்.

எங்கே கசிகிறது? இரண்டு வழிகள் முக்கியமானவை. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அல்லது மேலேயுள்ள வால்வுகள் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். என்ஜினைப் பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான சோதனை உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை விடவேண்டும். பிளக்கை மாட்டி மறுபடி கிக்கரை அழுத்த வேண்டும். ஆயில் பிஸ்டனின் விளிம்பில் தேங்கி, வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையேயுள்ள சந்தைச் சிறிது நேரம் அடைத்துவிடும். கிக்கர் இப்போது இறுகினால் குற்றவாளி வளையம். மாற்றமே இல்லையானால் வால்வு. ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றி விளைவைப் பார்ப்பது என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லித் தருகிறோமே, அது இதுதான். வளையம் என்றால் சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட வேண்டி வரலாம். அந்தச் செலவைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.

புகை சொல்லும் செய்தி

என்ஜினை இயக்கியதும் புகைக்குழாயைக் கவனியுங்கள். குளிர்ந்த காலையில் முதலில் வெண்புகை வந்து, சற்று நேரத்தில் மறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அது நீராவி குளிர்ந்து உண்டாகும் மூட்டம். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது நீர் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதும் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் கிடைக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? ஆக்டேனின் சமன்பாட்டை எழுதிக் கணக்கிட்டுப் பாருங்கள்.

கரும்புகை வந்தால், எரியாத கார்பன். காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் போகிறது. கார்புரேட்டரைச் சரி செய்தால் தீரும். நீலப் புகைதான் கவலைக்குரியது. ஆயில் எரிகிறது. ஆயிலுக்கு நீல நிறம் இல்லையே, புகை மட்டும் ஏன் நீலம்? மிக நுண்ணிய ஆயில் துளிகள் நீல ஒளியை மற்ற நிறங்களைவிட மிகுதியாகச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தெரிவதற்குச் சொல்லும் காரணத்தின் நெருங்கிய உறவுதான் இது. (ஆயிலும் பெட்ரோலும் கலந்தே எரியும் பழைய யெஸ்டி போன்ற இரு-வீச்சு என்ஜின்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றில் சிறிது நீலப்புகை இயல்பே.)

ஓடும் வண்டியில், ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது நீலப்புகை மிகுந்தால் வளையத்தின் மீது ஐயம் கொள்ள வேண்டும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடிச் சென்று, பின் திறக்கும் போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்தால், வால்வுத் தண்டைச் சுற்றி ஆயில் இறங்குகிறது. மூடியிருந்தபோது சிலிண்டருக்குள் உண்டான குறை அழுத்தம் அதை உறிஞ்சியிருக்கிறது.

இனி ஒலி. நான்கு-வீச்சு என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. நிமிடத்துக்கு 900 சுற்றில் நிதானமாக ஓடும்போது நிமிடத்துக்கு 450 வெடிப்புகள், விநாடிக்கு ஏழரை. நம் காது விநாடிக்கு சுமார் 20 அதிர்வுக்குக் குறைந்தவற்றைத் தொடர்ந்த ஒலியாகக் கேட்பதில்லை. ஆகவேதான் ‘டப் டப்’ என்று தனித்தனியே எண்ணத்தக்க ஒலி. 3000 சுற்றில் விநாடிக்கு 25 ஆகிவிடும். தனித்தனித் தட்டல்கள் சேர்ந்து ஒரே முழக்கமாகும். புல்லட்டின் புகழ்பெற்ற ஒலியில் மந்திரம் ஏதுமில்லை.

அந்த ஒலிக்கு இடையே வேறு ஒலி இருக்கிறதா என்று கேட்க, நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை என்ஜின் மீது வைத்துப் பிடியைக் காதருகே வையுங்கள். உலோகம் ஒலியை நன்கு கடத்தும். மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் போலவே இது பயன்படும். மேலே ‘டிக் டிக்’ என்ற மெல்லிய ஒலி வால்வு இடைவெளி; ஒரு ஸ்பானர் போதும். அடியிலிருந்து, முறுக்கும்போது கனத்த ‘தொம் தொம்’ கேட்டால் இணைப்புத் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

நூலும் கையும்

இப்போது நம் நூலுக்கு வருவோம். பழைய 350 புல்லட்டில் முன்னும் பின்னும் ஒரே அளவு டயர்: 3.25 அங்குல அகலம், 19 அங்குலச் சக்கரம். இது நமக்குப் பெரிய வசதி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், வேறு பாகங்களில் இடிக்காதவாறு நூலைப் பின்டயரின் பக்கங்களை ஒட்டி முன்னே இழுங்கள். கைப்பிடியை நேராக வைத்தால், இருபுற நூல்களும் முன்டயரின் இரு விளிம்புகளையும் ஒன்றுபோல் தொட வேண்டும். இரண்டு பக்கமும் சம இடைவெளியில் சிறிது விலகியிருந்தால், டயர்களின் அகலத்தில்தான் வேறுபாடு, கவலையில்லை. ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் விலகினால் முதலில் பின்சக்கரம் கோணலாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். செயின் இறுக்கும் திருகுகளைச் சரிசெய்தால் அது நேராகும். அதன் பிறகும் கோணல் தீரவில்லை என்றால் சட்டமோ முன்கவையோ வளைந்திருக்கிறது. நான் வாங்கிய முதல் வண்டி அதுதான்.

அடுத்து, மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கம் ஒருவர் அழுத்தினால் முன்சக்கரம் மேலெழும். கைப்பிடியை இரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேர்நிலையில் வந்ததும் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போல் நிற்கிறதா? கழுத்துப் பேரிங்கின் குண்டுகள் வருடக்கணக்காக அதே இடத்தில் நின்று அதிர்வை வாங்கிக் குழி பறித்துவிட்டன. வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது! செயினைப் பின்பல்சக்கரத்தின் பின்விளிம்பில் பிடித்து இழுங்கள். பல்லின் பாதி தெரியுமளவு அது எழுந்துவந்தால் செயினும் பல்சக்கரமும் மாற்ற வேண்டியவை.

கிலோமீட்டர் காட்டும் மானியை நான் பார்ப்பதே இல்லை. அதன் கேபிளைக் கழற்றிவிட்டு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் கிக்கர் ரப்பரும், கால் வைக்கும் ரப்பரும், பிரேக் மிதியின் விளிம்பும் தேய்ந்த தேய்வை யாரும் மறைக்க நினைப்பதில்லை.

என்ஜினிலும் சட்டத்திலும் பொறித்த எண்கள் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். எண்ணை அரத்தால் அராவிய அடையாளம் இருந்தால் அங்கே நிற்க வேண்டாம். ஒரு சுவையான செய்தி: எண்ணை முற்றிலும் அராவினாலும் தடய அறிவியலார் அதை மீட்டுவிடுவார்கள். அச்சு அடித்தபோது எழுத்துக்கு அடியிலுள்ள உலோகப் படிகங்களும் நசுங்கியிருக்கும். அமிலம் பட்டால் அந்த இடம் மற்ற இடம்போல் அரிபடாது. எண் மங்கலாக எழுந்துவரும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பதிவு 15 ஆண்டுகள் செல்லும்; பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இவை பெரியவர்கள் பார்க்க வேண்டியவை.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டை ஆழமாகவே இருந்தாலும் பத்தாண்டு டயர் வேண்டாம். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்கி, வெடிக்கச் செய்துவிடுகின்றன. இறுகிய ரப்பருக்குச் சாலையைப் பற்றும் உராய்வு குறைவு. அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு.

வண்டி 165 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ, மொத்தம் 240. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இயக்க ஆற்றல் சுமார் 8,300 ஜூல். வேகம் இரட்டித்து 60 ஆனால், ஆற்றல் நான்கு மடங்கு. 33,000 ஜூலுக்கும் மேல். பிரேக் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வேகத்தைக் குறைக்கிறது என்று கொண்டால், 30 கி.மீ. வேகத்தில் 7 மீட்டரிலும், 60இல் 28 மீட்டரிலும் வண்டி நிற்கும். ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு விநாடி ஆகுமே, அதில் ஓடும் 17 மீட்டர் தனி. இத்தனை ஆற்றலையும் வெப்பமாக்க வேண்டியது இரண்டு டிரம் பிரேக்குகள். அதிலும் பிரேக் பிடித்ததும் எடை முன்னே சாய்கிறது. ஈர்ப்பு மையம் தரைக்கு 60 செ.மீ. மேலே, சக்கரங்களுக்கிடையே 137 செ.மீ. என்று வைத்துத் திருப்புத்திறன் கணக்கிட்டால், தொடக்கத்தில் எடை சரிபாதியாக இருந்தாலும் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் 1,700 நியூட்டனும் பின்சக்கரம் 650 நியூட்டனுமே தாங்கும். முன்பிரேக்கைத் தொட அஞ்சிப் பின்பிரேக்கை மட்டும் மிதிப்பவர், குறைந்த எடையுள்ள சக்கரத்தை நம்புகிறார்.

ஓட்டும் இன்பம்

சோதனையெல்லாம் தேறி வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இனி அதை இயக்குவதே ஒரு கலை. பழைய புல்லட்டின் முன்விளக்குக் கூட்டில் ஓர் அம்மீட்டர் உண்டு. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், மின்னிறக்கப் பக்கம் நின்ற முள் ஓரிடத்தில் நடுவுக்கு வரும். மின்தொடர்பு முனைகள் திறந்துவிட்டன. பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியை நெருங்கிவிட்டது என்று அந்த முள் சொல்கிறது. உடனே டிகம்ப்ரசர் நெம்புகோலைப் பிடித்தால் புகைவால்வு சற்றுத் திறந்து காற்றை வெளியேற்றும். கிக்கரை இன்னும் சிறிது அழுத்திப் பிஸ்டனை உச்சி தாண்டவைத்து, நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் உதைக்க வேண்டும்.

ஏன் இத்தனை சடங்கு? உச்சி தாண்டிய பிஸ்டனுக்கு அடுத்த அமுக்கம் வருவதற்குள் ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று வெறும் ஓட்டம் கிடைக்கிறது. அதற்குள் கனத்த பிளைவீல் வேகம் பிடித்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் அரைமனத்தோடு உதைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னே பொறி தட்டி, வெடிப்பு அதைப் பின்னோக்கித் தள்ளும். கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். என் கணுக்கால் அதை ஒரு வாரம் நினைவில் வைத்திருந்தது.

குயவர் தம் சக்கரத்தைக் கோலால் சுற்றிவிட்டுக் கையை மண்ணுக்குக் கொண்டுபோய்விடுகிறார். சக்கரம் தானே சுழல்கிறது. பிளைவீலும் அப்படியே. நான்கு வீச்சுகளில் ஒன்றுதான் வேலை செய்கிறது; மற்ற மூன்றையும் பிளைவீலின் நிலைமம் நடத்திச் செல்கிறது. புல்லட்டில் அது மிகவும் கனம். பிஸ்டனின் ஓட்டமும் நீளம் என்று முன்பே பார்த்தோம். ஆகவே இது விரைவாகச் சுழல விரும்பாத என்ஜின். குறைந்த சுற்றிலேயே நிதானமாக இழுக்கும். அவசரக்காரர்களுக்கு இந்த வண்டி ஏற்றதன்று என்பது என் கருத்து. இன்னோர் எச்சரிக்கை: பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பின்பிரேக் இடக்காலில். புது வண்டியிலிருந்து இதற்கு மாறுபவர்கள் வெறும் மைதானத்தில் ஒரு வாரமாவது பழக வேண்டும்.

என் வண்டியை நான் ஆண்டுக்கு ஒருமுறை கொல்லிமலைக்கு ஓட்டிச் செல்வேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால், இடக்கைப்பிடியை மெல்ல முன்னே தள்ள வேண்டும். அதாவது கைப்பிடியை ஒரு கணம் வலப்பக்கம் திருப்புகிறோம். சக்கரங்கள் வலப்பக்கம் நழுவ, வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த வண்டி இடப்பக்கம் திரும்புகிறது. சைக்கிளிலும் நீங்கள் அறியாமல் இதையே செய்கிறீர்கள். எவ்வளவு சாய வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால், சாய்கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கி.மீ. சென்றால் சுமார் 17 பாகை. அதே வளைவில் 30 கி.மீ. என்றால் 35 பாகை! அவ்வளவு சாய்வைத் தாங்கும் உராய்வு மணல் கிடக்கும் சாலையில் கிடைக்காது. என் தோள்பட்டை அதற்குச் சாட்சி.

இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கடினம். உயரம் 1000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 240 கிலோவின் நிலை ஆற்றல் ஏறத்தாழ 23 லட்சம் ஜூல். 30 பாகை செல்சியஸில் உள்ள எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இறங்கி முடிப்பதற்குள் அத்தனை வெப்பமும் எங்காவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே வந்தால் அது இரண்டு டிரம்களுக்குள் போகும். சூடான பிரேக் ஷூவில் உராய்வு குறைந்து, பாதி மலையில் பிரேக் பிடிக்காமல் போகலாம். இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை மூடி வந்தால், பிஸ்டன் குறை அழுத்தத்தை எதிர்த்து இழுக்கவும் பாகங்களின் உராய்வை வெல்லவும் ஆற்றல் செலவாகிறது. வெப்பத்தின் பெரும்பகுதி சிலிண்டரின் செதில்கள் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் காற்றில் கலந்துவிடும். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் நான் பிரேக் டிரம் மீது இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பதுண்டு. சென்ற முறை அது ‘சுர்’ என்று கூடச் சொல்லாமல் மெதுவாக வழிந்து இறங்கியது.